பொருந்தாததை அடிக்கவும்

ஜனவரி 9

என் மகள் சிராய்க்கு,

இது அப்பா எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. பென்சிலும் என்னுடையது, கையும் என்னுடையது. இந்த மூன்று வரிக்கே டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.

எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது. எழுபத்தோரு வயதில் வந்திருக்கிறது. வருகிறவர்களை வயது கேட்டு உள்ளே விடும் வீடு இல்லையே இது.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். நீ படித்த கல்லூரியில் இப்போது புதிதாக ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் வெளியே போய் எழுத்து தெரியாத பெரியவர் ஒருவருக்கு அறுபது மணி நேரம் சொல்லித்தர வேண்டும். அப்படி முடித்தால் அவர்கள் ஒரு பருவம் வேறு ஊர்க் கல்லூரியில் போய்ப் படிக்கலாம். எனக்கு வாய்த்தது இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பெண். சின்ன உருவம், ஓரிடத்தில் உட்கார மாட்டாள். நான் குருவி என்று கூப்பிடுகிறேன். அவள் என்னைத் தாத்தா என்கிறாள். நூலகத்தின் பின்அறையில் பாடம். அங்கே ஒரு மின்விசிறி இருக்கிறது, காற்றை விடச் சத்தம் அதிகம்.

'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று என்று தெரிந்த நாள் எனக்குத் தூக்கமே இல்லை. இத்தனை நாள் இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். 'ஞ' மட்டும் இன்னும் அடங்கவில்லை. போன வாரம் மரக்கிடங்குப் பக்கம் போனேன். நாற்பது வருடம் வேலை செய்த இடம், உன்னைச் சிராய் என்று கூப்பிட ஆரம்பித்த இடம். மதியம் சாப்பிட்டதும் நான் சாய்ந்து நிற்கும் பலகை ஒன்று உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'இதில் சாயக் கூடாது.' நான் தனியாக நின்று சிரித்ததைப் பார்த்து லாரிக்காரன் பயந்துவிட்டான்.

உன் விலாசம் கிடைத்த கதை இன்னும் பெரியது. குருவியின் திட்டத்துக்கு ஒரு கையேடு கொடுத்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் கூட்டுச் சேர்ந்த கல்லூரிகளின் பெயரும், அங்கே பொறுப்பில் இருப்பவர்களின் பெயரும் வரிசையாக இருக்கின்றன. பெயர் படித்துப் பழகுங்கள் தாத்தா என்று கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் படித்து வந்தேன். பதினொன்றாவது பெயர் உன்னுடையது. முன்னால் இருந்த எழுத்து என்னுடையது. விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் போய்விடுமோ என்று இருந்தது. குருவி கேட்டாள், "என்ன தாத்தா, கஷ்டமான எழுத்தா?" ஆமாம் என்றேன்.

நீ ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன். பெரிய படிப்பு, பெரிய இடம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கப்பல் எப்படி இருந்தது? என் மகள் கப்பலில் போய்ப் படித்தவள் என்று இருபத்திரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். மேலே கேட்டால் எனக்கு விவரம் தெரியாது. படுக்கை ஆடுமா? எழுதும்போது கை ஆடாதா?

இந்தக் கடிதத்தைக் குருவியிடம் காட்டவில்லை. அவள் பிழை திருத்தினால் அது அவள் கடிதம் ஆகிவிடும்.

உன் அப்பா


ஜனவரி 24

வணக்கம்.

உங்கள் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. பதில் எழுத வேண்டாம் என்று பத்து நாள் இருந்தேன். எழுதாவிட்டால் இன்னொன்று வரும் என்பதால் எழுதுகிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாது என்கிறீர்கள். நான் சின்னக் குழந்தையாக இருந்தபோதிருந்து தினமும் மாலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவர் நீங்கள். கையெழுத்துப் போடுவீர்கள். என் மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்த்துத் தலையாட்டுவீர்கள். இப்போது இது என்ன புது வேஷம்? எதற்கு?

கப்பல் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். குத்திக் காட்டுவதற்கு இத்தனை வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. நான் எந்தக் கப்பலிலும் போகவில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது போல் இருப்பதால் சொல்கிறேன். கடல் ஆய்வுக் கப்பலில் ஒரு பருவம். எங்கள் கல்லூரிக்கும் கடலோரக் கல்லூரிக்கும் முதன்முதலில் ஏற்பட்ட கூட்டுத் திட்டம் அது. வகுப்பில் என் ஒருத்தியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கப்பல் என்பதால் பெற்றவர் சம்மதம் வேண்டும் என்று ஒரு படிவம். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கல்லூரிப் பெட்டியில் சேர்த்தீர்கள். நான்கு நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. ஆபீஸில் கேட்டேன். கிளார்க் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். 'சம்மதிக்கிறேன்' என்ற வார்த்தையை நீங்கள் அடித்திருந்தீர்கள். உங்கள் தடித்த பென்சிலால், அளவுகோல் வைத்து, நேராக. 'சம்மதிக்கவில்லை' மட்டும் சுத்தமாக நின்றது. கீழே உங்கள் கையெழுத்து.

"அப்பா ரொம்பத் தெளிவா இருக்கார்மா" என்றார் கிளார்க்.

முந்தின நாள் சாப்பிடும்போது, தண்ணியில என்ன படிப்பு என்று நீங்கள் சொன்னது என் காதில் இருந்தது. அதனால் உங்களிடம் கேட்கத் தோன்றவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் திட்டம் ஒன்று வேறு ஊர்க் கல்லூரியில் இருந்தது. உங்களிடம் சொல்லாமலே போய் அதில் சேர்ந்துவிட்டேன். தேடி வருவீர்கள் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நினைக்கவில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் 'என் மகள்' என்று எழுதி அதன் மேல் கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். 'கப்பல்' மேலும் ஒரு கோடு. என் பெயரைப் படித்தேன் என்று எழுதிய இடத்திலும் ஒரு கோடு. எழுதியதைக்கூட உங்களால் விட்டுவைக்க முடியவில்லை. அப்படி அடித்துத்தான் அனுப்ப வேண்டுமானால் எழுதாமலே இருந்திருக்கலாம்.

இப்படிக்கு,
பதினொன்றாவது பெயர்


பிப்ரவரி 6

என் சிராய்க்கு,

உன் கடிதத்தை முழுதும் படிக்க மூன்று நாள் ஆனது. கூட்டெழுத்து அதிகம் போடுகிறாய். படித்த பிறகு இன்னும் நான்கு தடவை படித்தேன். நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன்.

நீ கப்பலில் போகவில்லையா?

நீ பெட்டியோடு போனதும் கப்பலுக்குத்தான் சீக்கிரமே கூட்டிப் போய்விட்டார்கள் என்று இருந்தேன். ஆறு மாதம் விரல் விட்டு எண்ணினேன். அந்தக் கப்பல் பிள்ளைகள் திரும்பும் நாள் கல்லூரி வாசலில் போய் நின்றேன். பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், எல்லோரும் கருத்துப் போய் இருந்தார்கள். கடைசிப் பிள்ளை இறங்கும் வரை பார்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. நல்ல பதிலாக இருக்காது என்று ஏதோ சொல்லிற்று. அங்கேயே பெரிய வேலை கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள் என்று நானே ஒரு பதில் செய்துகொண்டேன். என் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பேப்பர் கதையைச் சொல்லிவிடுகிறேன். வெட்கம்தான். உன் அம்மா போன பிறகு உன்னைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். அங்கே எல்லா அப்பாவும் படிவத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். அப்பனுக்கு எழுத்து தெரியாது என்று உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். கணக்குப் பிள்ளையைப் பிடித்து என் கையெழுத்தைப் படமாக வரையக் கற்றுக்கொண்டேன். பேப்பர் வாங்கினேன். படம் இருக்கிற பக்கத்தை எடுத்தால் தலை எது கால் எது என்று தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு எரியுது, நீ படி" என்று உன்னிடம் கொடுப்பேன். நீ படிப்பாய். நான் கேட்ட செய்தி எல்லாம் உன் குரலில் கேட்டதுதான்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். நீ வருத்தப்பட்டிருக்கிறாய், அது எனக்குப் புரியவில்லை. கிடங்கில் நான் என்ன வேலை செய்தேன்? மரம் பார்க்கிற வேலை. லாரியில் ஐம்பது மரம் வரும். அதில் உள்ளே வைரம் பாய்ந்த நல்ல மரத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு கோடு அடிப்பேன். கோடு விழுந்தால் அது நம் மரம், வேறு யாரும் தொட முடியாது. கோடு விழாத மரம் திரும்பிப் போகும். "அண்ணே, இதை அடிச்சாச்சா?" என்றுதான் பையன்கள் கேட்பார்கள். கடிதத்தில் எந்த வார்த்தை எனக்கு ரொம்ப வேண்டியதோ அதன் மேல் கோடு அடித்தேன். நூறு வார்த்தையில் மூன்றுதான் தேறியது. மகள், கப்பல், உன் பெயர்.

'சம்மதிக்கிறேன்' என்பதை நீங்கள் அடித்தீர்கள் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம் அம்மா, அடித்தேன். அதைத்தானே நீ கேட்டாய்? அதற்கு ஏன் கோபம்?

அன்று காலை நீ பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாய். வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய், "அப்பா, மேசை மேல ஃபாரம் இருக்கு. ரெண்டு வார்த்தை இருக்கும், ஒண்ணை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டு, கவர்ல வெச்சு, காலேஜ் வாசல் பெட்டியில போட்டுடுங்க." நான் கேட்டேன், "சம்மதம் எங்கே இருக்கு?" நீ படி இறங்கிக்கொண்டே, "முதல் வார்த்தைப்பா" என்றாய்.

தண்ணீர் என்றால் எனக்குப் பயம்தான். சாப்பிடும்போது சொன்னேன், உண்மை. ஆனால் நீ அந்த வாரம் முழுதும் வீட்டுக்குள் குதிகால் தரையில் படாமல் நடந்துகொண்டிருந்தாய். அதைப் பார்த்த பிறகு எப்படி வேண்டாம் என்பேன்? கிடங்கிலிருந்து இரும்பு அளவுகோலைக் கொண்டுவந்தேன். பென்சிலைச் சீவினேன். முதல் வார்த்தையை அடித்தேன். அவ்வளவு நேரான கோடு நான் எந்த மரத்திலும் போட்டதில்லை. இரண்டாவது வார்த்தையைத் தொடவே இல்லை.

அந்த கிளார்க்தான் எதையோ மாற்றிவிட்டான். உயிரோடு இருக்கிறானா தெரியவில்லை. அடுத்த வாரம் கல்லூரி ஆபீஸுக்குப் போகிறேன். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும், படிவத்தை எடு என்று கேட்பேன்.

உன் அப்பா


பிப்ரவரி 10

அப்பா,

இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன், நீங்கள் சீக்கிரம் படிக்க வேண்டும் என்பதற்காக.

ஆபீஸுக்குப் போகாதீர்கள். கிளார்க் எதையும் மாற்றவில்லை. அவர் மேல் தப்பில்லை. உங்கள் மேலும் இல்லை.

யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். குருவியிடமும் வேண்டாம். எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள். நானே எழுதிச் சொல்கிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 2

மகளுக்கு,

நீ எழுதிச் சொல்கிறேன் என்றாய். எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. உன் கடிதம் வந்த அன்று மதியமே தெரிந்துவிட்டது. குருவியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

அன்று அவள் எனக்கு ஒரு பேனா கொண்டுவந்தாள். இதுவரை பென்சில்தான். தப்பாக எழுதினால் ரப்பரால் தேய்ப்போம், ஊதுவோம், மறுபடி எழுதுவோம். பேனா கொடுத்துவிட்டுச் சொன்னாள், "இனிமே அழிக்க முடியாது தாத்தா. தப்பா எழுதிட்டீங்கன்னா அந்த வார்த்தை மேல ஒரு கோடு போட்டு அடிச்சிடுங்க."

அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அந்த வார்த்தை செத்துப் போச்சுன்னு அர்த்தம் தாத்தா" என்று சிரித்தாள்.

நோட்டில் ஒரு வார்த்தை எழுதி அடித்தும் காட்டினாள். 'மரம்' என்று எழுதியிருந்தாள். அதன் மேல் கோடு. எல்லோருக்கும் இது தெரியுமா என்று கேட்டேன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் தாத்தா என்றாள். படிவத்தில், ஆபீஸில், எல்லா இடத்திலும் இப்படித்தானா என்றேன். எல்லா இடத்திலும்தான் என்றாள்.

தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு போகவில்லை. இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். உள்ளேயே இருந்தேன். நாற்பத்தாறு மணி நேரம் ஆகியிருக்கிறது. போதும்.

இத்தனை நாள் எனக்கு ஒரு கப்பல் இருந்தது. அதில் நீ நின்றுகொண்டிருந்தாய். படிக்கக் கற்றுக்கொண்டு முதலில் நான் செய்த காரியம் அதை மூழ்கடித்ததுதான். எழுத்து தெரியாமலே இருந்திருந்தால் அப்படியே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அன்று அளவுகோலை வைத்தபோது என் மனதுக்குள் போகாதே போகாதே என்றுதான் இருந்தது. கைதான் சம்மதம் என்றது. எனக்குக் காகிதத்தைப் படிக்கத் தெரியவில்லை. காகிதம் என்னைப் படித்துவிட்டதோ என்று இருக்கிறது. நான் வாயால் சொன்னதை விட்டுவிட்டு உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டதோ என்று இருக்கிறது.

இது நான் பேனாவில் எழுதும் முதல் கடிதம். தப்பு வந்த இடத்தில் எல்லாம் அப்படியே விட்டிருக்கிறேன். எதையும் அடிக்கவில்லை. இனி எதையும் அடிக்க மாட்டேன்.

அப்பா


மார்ச் 19

அப்பா,

மெதுவாகப் படியுங்கள். கூட்டெழுத்து போடாமல் எழுதியிருக்கிறேன்.

"சம்மதம் எங்கே இருக்கு?" என்று நீங்கள் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் அந்தக் குரல் திரும்ப வந்தது. படிக்கத் தெரிந்தவர் கேட்கிற கேள்வி இல்லை அது. நின்று திரும்பிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். மேசைக்கு வந்து விரலை வைத்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். அடுத்த பஸ் பத்து நிமிடத்தில் இருந்தது.

இன்னும் ஒன்று. படிவத்தை ஆபீஸில் நேரில் கொடுங்கள் என்றுதான் போட்டிருந்தது. பெட்டியில் போடச் சொன்னது நான். மரத்தூள் ஒட்டிய சட்டையோடு நீங்கள் வந்து என் சிநேகிதிகள் முன்னால் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். நீங்கள் நேரில் போயிருந்தால் கிளார்க் ஒரு வார்த்தை கேட்டிருப்பார், வேண்டாங்கிறீங்களா என்று. நீங்கள் இல்லை என்றிருப்பீர்கள். அத்தோடு முடிந்திருக்கும்.

உங்களுக்கு எழுத்து தெரியாது என்று எனக்குத் தெரியவே தெரியாதா? யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் நீங்கள் எடுத்த பக்கத்தில் படம் இல்லை. பேப்பர் தலைகீழாக இருந்தது. நான் பார்த்தேன், அப்பா. எனக்குப் பன்னிரண்டு வயது. தூக்கக் கலக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அதை நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

காகிதம் உங்களைப் படித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். காகிதத்துக்கு அவ்வளவு அறிவு கிடையாது. இந்த ஆபீஸில் பதினான்கு வருடமாக அதோடுதான் இருக்கிறேன். என் வேலை என்ன தெரியுமா? எங்கள் மாணவர்களை வேறு கல்லூரிகளுக்கு அனுப்புவது. கப்பலுக்கும் நான்தான் அனுப்புகிறேன், வருடத்துக்கு ஆறு பேர். நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. வழியனுப்பப் போனால் கரையிலேயே நின்றுவிடுவேன்.

பெற்றவர் சம்மதப் படிவமும் நான்தான் கொடுக்கிறேன். இரண்டு வார்த்தை. கீழே பொடி எழுத்தில் 'பொருந்தாததை அடிக்கவும்'. உங்கள் கடிதம் வந்த பிறகு பழைய அலமாரியைத் திறந்தேன். பதினான்கு வருடத்தில் சம்மதத்தை அடித்த படிவம் நான்கு இருந்தது. நான்கையும் 'மறுப்பு' என்று எழுதிக் கோப்பில் வைத்தவள் நான். ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒன்றில் கையெழுத்தே இல்லை, கைரேகைதான். கைரேகை வைத்தவர் அந்தப் பொடி எழுத்தை எப்படிப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்குப் பிறந்து, உங்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டி வளர்ந்த எனக்கே தோன்றவில்லை.

நான்கு பேருக்கும் போன் செய்தேன். இரண்டு எண் இப்போது இல்லை. ஒருவர், ஆமாம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், இப்போ எதுக்கு அதைக் கிளறுறீங்க என்று கோபப்பட்டார். கைரேகை வைத்தது ஒரு அம்மா. "நான் சரின்னுதாம்மா சொன்னேன். காலேஜ்ல வேணாம்னுட்டாங்கன்னு பொண்ணு அழுதுச்சு" என்றார். பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன். துணிக்கடையில் வேலை என்றார்.

படிவத்தை மாற்றிவிட்டேன். இனி ஒரே ஒரு கேள்விதான். பதிலை நாங்கள் நேரில் கேட்போம், வர முடியாதவர்களிடம் போனில்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குருவியைப் பட்டினி போடாதீர்கள். அந்தத் திட்டத்தின் விதி எனக்குத் தெரியும், எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அறுபது மணி நேரம் ஆக வேண்டும், கற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மணி குறைந்தாலும் பட்டியலில் பெயர் வராது. கடைசி நாள் ஏப்ரல் இருபது. அவள் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள். என்ன தப்பு என்று தெரியாமலே ஒரு பெண் பட்டியலில் தன் பெயரைத் தேட வேண்டாம், அப்பா. இன்னொரு தடவை வேண்டாம்.

வருகிறேன் என்று எழுத நினைத்தேன். கை வரவில்லை. உங்கள் மேல் இருந்த கோபம் இருபத்திரண்டு வருடம் எனக்குத் துணையாக இருந்தது. இப்போது அது யார் மேலும் இல்லாமல் அறைக்குள் நிற்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடிதத்தின் முதல் வரியைத் திரும்பப் பாருங்கள். 'அப்பா' என்ற வார்த்தையின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறேன். அது ஆபீஸ் கோடு இல்லை. கிடங்குக் கோடு.

சிராய்


ஏப்ரல் 27

சிராய்க்கு,

கோட்டைப் பார்த்தேன். கடைசியில் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. அளவுகோலைக் கட்டை விரலால் மட்டும் பிடித்திருக்கிறாய். நடுவிரலும் வேண்டும். மற்றபடி நல்ல கோடுதான். தினமும் காலையில் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே நூலகத்துக்குப் போனேன். குருவி மின்விசிறிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தாள். வகுப்பு இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. "'ஞ' இன்னும் வரலை" என்றேன். "அதுக்கு இப்படியா கோச்சுப்பீங்க?" என்றாள். உட்கார்ந்தோம். பதினான்கு மணி நேரத்தையும் முடித்தோம், பத்தொன்பதாம் தேதி. 'ஞ' வந்துவிட்டது. 'ஞாபகம்' என்று ஒரு பக்கம் முழுதும் எழுதினேன்.

கடைசி நாள் ஒரு படிவம் எடுத்து வைத்தாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய படிவம். அதில் என்ன போட்டிருந்தது தெரியுமா? 'கற்பவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார் / கற்றுக்கொள்ளவில்லை.' கீழே அந்தப் பொடி எழுத்து. நீ உன் ஆபீஸ் படிவத்தைத்தான் மாற்றினாய், இவர்களுடையது அப்படியே இருக்கிறது. இதையும் கவனி.

எனக்கு வேர்த்துவிட்டது. அவளைப் பேச வேண்டாம் என்றேன். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். பொடி எழுத்தையும் படித்தேன். 'பொருந்தாததை' என்பதில் இரண்டு தடவை தடுக்கினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். குருவி நகத்தைக் கடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டாவது வார்த்தையை அடித்தேன். கை அதன் மேல் லேசில் போகவில்லை. வேண்டாத மரத்தில் கோடு போட்டுப் பழக்கம் இல்லை எனக்கு.

"எது நிக்குது, படி" என்றேன்.

"கற்றுக்கொண்டார்" என்றாள்.

"இன்னொரு தடவை படி."

படித்தாள். நானே ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பெட்டியில் போடவில்லை. சலவைச் சட்டைதான் போட்டுக்கொண்டு போனேன். போட்டிருக்கலாம் அன்றைக்கும். நீ சொல்லியிருந்தால் போட்டிருப்பேன்.

நேற்றுப் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயரை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன், நான்காவது வரிசை. ஜூனில் கிளம்புகிறாள். மின்விசிறி இனி எனக்கு மட்டும் சத்தம் போடும்.

உன் கோபத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். எனக்கும் தெரியவில்லை. அவசரப்பட்டு வெளியே தள்ளாதே. இத்தனை வருடம் கூட இருந்தது. இல்லாத கப்பலை நான் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தேன் இல்லையா, அதைப் போலத்தான். நேற்றுக்கூட ஒருவர் கேட்டார், உங்க பொண்ணு கப்பல்ல போனவதானே என்று. இல்லை, கப்பலுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவள் என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கும்போது கால் கொஞ்சம் கனத்தது.

கீழே இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறேன். மூன்று தடவை எழுதிப் பார்த்து, நன்றாக வந்ததை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒன்றை அடித்து அந்தத் துண்டை மட்டும் எனக்கு அனுப்பு. எதை அடித்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் ஆபீஸ் முறைப்படி அடித்தாயா, கிடங்கு முறைப்படி அடித்தாயா என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடு. இன்னொரு தடவை மாற்றிப் புரிந்துகொண்டு காத்திருக்க எனக்கு வயது இல்லை.

வருவேன் / வரமாட்டேன்

உன் அப்பா